கல்லுக்குள் கடல் மீன்

வற்றிப்போன கடல்களின் மீன்களுக்கு உலகெங்கும் வாங்குவோர் இருக்கிறார்கள். சுவரில் மாட்டும் முன் அதன் முகவரியைக் கேட்பவர்கள்தான் குறைவு.

பார்த்தால் வெறும் கல்தான். மண் படிந்து, பெரிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு போல நீள்வட்டமாக இருக்கிறது. விளிம்பில் உளியை வைத்து, வாகு பார்த்துச் சுத்தியலால் தட்டினால் கல் இரண்டாகப் பிளக்கிறது. உள்ளே முழுசாக ஒரு மீன். செதில்கள் வரிசை குலையவில்லை. வால் துடுப்பு விரிந்திருக்கிறது. வாய் சற்றே திறந்திருக்கிறது. அது செத்து சுமார் 11 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

வடகிழக்கு பிரேசிலில், அராரிப்பே பீடபூமியின் அடிவாரத்தில் இந்தக் கற்கள் கிடைக்கின்றன. மழை குறைந்த, வறுமை மிகுந்த பகுதி. ஒரு காலத்தில் கடல் உள்ளே புகுந்து தேங்கிய காயலாக இருந்த இடம். உழும்போதும் பள்ளம் தோண்டும்போதும் கல் அகப்படும். உள்ளூர்க்காரர்கள் அதை மீன் கல் என்றே சொல்கிறார்கள். பல பத்தாண்டுகளாக விவசாயிகள் இதைச் சேர்த்துவைத்துத் தரகர்களிடம் சில்லறைக் காசுக்கு விற்று வந்தார்கள். அங்கிருந்து கை மாறி, கப்பலேறி, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று போய்ச் சேரும்போது அதே கல்லுக்குப் பல மடங்கு விலை.

தொல்லுயிர்களைச் சேகரிப்பவர்களின் உலகில் டைனோசருக்குத்தான் தலைப்புச் செய்தி. ஆனால் டைனோசரை வீட்டில் வைக்க முடியாது. வைக்கிற அளவில் கிடைப்பது ஒரு பல்லோ விரல் எலும்போதான். மீன் அப்படியல்ல. தலை முதல் வால் வரை முழு உயிராகக் கிடைக்கிறது. தட்டையான பலகைக் கல்லில், சித்திரம் போல, சட்டம் போட்டு மாட்டத் தோதாக இருக்கிறது. பார்ப்பவருக்கு விளக்கம் தேவையில்லை. மூன்று வயதுக் குழந்தையும் மீன் என்று சொல்லிவிடும். விலையும் எல்லாத் தரத்திலும் உண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பழைய ஏரிப் படுகையிலிருந்து வரும் நைட்டியா என்னும் விரல் நீள மீன் மிக மலிவு. அது அந்த மாநிலத்தின் சின்னமும்கூட. ஆனால் அது ஏரி மீன். கடல் மீன்களுக்குத் தனி மவுசு. அமெரிக்காவின் டூசானில் குளிர்காலத்திலும், பிரான்சின் சென்ட்-மரி-ஓ-மீனில் ஜூன் மாதத்திலும், ஜெர்மனியின் மியூனிக்கில் இலையுதிர் காலத்திலும் நடக்கும் கண்காட்சிகளில் பிரேசில், லெபனான், மொராக்கோ என்று கடல்கள் மேசை மேசையாக விரிந்து கிடக்கும்.

இந்த ஆசையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் கேன்சஸ் மாநிலத்தின் ஹேஸ் நகருக்குப் போக வேண்டும். அங்குள்ள ஸ்டெர்ன்பெர்க் அருங்காட்சியகத்தில் 14 அடி நீள ஸிஃபாக்டினஸ் மீன் ஒன்று கிடக்கிறது. அதன் வயிற்றுக்குள் இன்னொரு முழு மீன், 6 அடி நீளம். விழுங்கிய சிறிது நேரத்தில் விழுங்கியதும் செத்திருக்கிறது. வட அமெரிக்காவின் நடுவே கடல் கிடந்த காலத்துச் சம்பவம். 1952ல் இதைத் தோண்டியெடுத்த ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கின் குடும்பமே புதைபடிவங்களைத் தேடியெடுத்து அருங்காட்சியகங்களுக்கு விற்றுப் பிழைத்த குடும்பம். சேகரிப்பு வணிகம் எல்லாமே திருட்டு என்று சொல்லிவிட முடியாததற்கு இந்தக் குடும்பம் ஒரு சாட்சி.

ஆசை புதிதுமல்ல. சிலுவைப் போருக்காக வந்த பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி, லெபனானின் சிடோன் நகரில் முகாமிட்டிருந்த 1253ம் ஆண்டு வாக்கில், அவரிடம் ஒரு கல்லைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஏடு ஏடாகப் பிரியும் கல். ஓர் ஏட்டை எடுத்ததும் உள்ளே மீன். மன்னருடன் இருந்த ஜுவான்வில் இதைத் தன் நினைவுக் குறிப்பில் வியந்து எழுதிவைத்திருக்கிறார். லெபனான் மலைகளில் ஹகெல், ஹ்ஜூலா போன்ற ஊர்களில் இன்றும் அதே மாதிரிக் கற்களைப் பிளக்கிறார்கள். அதே மாதிரி மீன்கள் வருகின்றன. வயது சுமார் 9.5 கோடி ஆண்டுகள்.

மன்னர் வியந்ததோடு சரி. இத்தாலியில் விஷயம் முற்றியது. வெரோனா நகருக்கு அருகே மலைமேல் போல்கா என்று ஒரு சிற்றூர். அங்கே சுண்ணாம்புக்கல் பாறையைக் குடைந்து சுரங்கம் போட்டிருக்கிறார்கள். பெஷாரா என்று பெயர். மீன் இருக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளலாம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் டெத்திஸ் கடலின் வெதுவெதுப்பான ஓரம் அது. இன்று இமயமலை நிற்கும் இடத்தில் கிடந்த அதே கடல். 1555லேயே மத்தியோலி என்ற மருத்துவர் இந்த மீன்களைப் பற்றி எழுதிவிட்டார். 18ம் நூற்றாண்டில் வெரோனா பிரபுக்களுக்கு இது கௌரவப் பொருளானது. யாரிடம் நல்ல மீன் இருக்கிறது என்பதில் போட்டி. அதில் ஜெயித்தவர் ஜோவானி பத்திஸ்தா கஸோலா. அவருடைய தொகுப்பின் புகழ் எவ்வளவு தூரம் போனதென்றால், 1797ல் நெப்போலியனின் படை வெரோனாவைப் பிடித்தபோது ஓவியங்களோடு மீன்களையும் அள்ளிக்கொண்டு போனது. அவை இன்றும் பாரீஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன.

கொள்ளை கொள்ளைதான். ஆனால் பின்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். லூயி அகாசி என்ற இளம் சுவிஸ் விஞ்ஞானி பாரீஸில் அந்த மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1833 முதல் 1843 வரை அவர் வெளியிட்ட தொகுதிகள்தான் மீன் புதைபடிவ ஆராய்ச்சிக்கே அடித்தளம்.

இன்னொரு கதை இதைவிட ருசியானது. நம் மீன் சந்தையில் நாக்கு மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும்: அதற்கு இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல இரு பக்கமும் கண். வளரும்போது ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் வந்துவிடும். இது படிப்படியான பரிணாமத்தில் எப்படி வந்திருக்க முடியும் என்று 1871ல் டார்வினை மடக்கினார் மிவார்ட் என்ற ஆங்கிலேயர். கண் பாதி தூரம் நகர்ந்து நிற்பதால் மீனுக்கு என்ன லாபம், அப்படி அரைகுறை மீன் ஒன்றைக் காட்டு பார்க்கலாம் என்பதே வாதம். டார்வின் தன்னால் முடிந்த பதிலைச் சொன்னார். மீனைக் காட்ட முடியவில்லை.

2008ல் மாட் ஃப்ரீட்மன் காட்டினார். அப்போது அவர் சிகாகோவில் ஆராய்ச்சி மாணவர். அவர் போல்காவில் புதிதாக எதையும் தோண்டவில்லை. ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார். அம்ஃபிஸ்டியம் என்ற மீன் நீண்ட காலமாகவே எல்லோருக்கும் தெரிந்தது. கூடவே வியன்னாவில் கண்டுகொள்ளப்படாமல் கிடந்த இன்னொன்று. அதற்கு ஹெட்டரோநெக்டெஸ் என்று பெயரிட்டார். கல்லோடு சேர்த்து எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்தபோது இரண்டிலும் ஒரு கண் மட்டும் மேல்நோக்கி நகர்ந்து, உச்சியைத் தாண்டாமல் நின்றிருந்தது. வளர்ந்த மீன்கள்தான், அரைகுறைக் கண்ணோடு வாழ்ந்து தீர்த்தவை. மிவார்ட் கேட்ட சாட்சி, அவர் கேட்ட நாளிலேயே அருங்காட்சியக இழுப்பறைகளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சாட்சி செல்லுபடியானதற்கு ஒரே காரணம், கல்லோடு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. போல்கா என்று ஊர்ப் பெயர் எழுதிய சீட்டு. ஊர் தெரிந்தால் பாறை தெரியும். பாறை தெரிந்தால் வயது தெரியும். அது இல்லாவிட்டால் கல்லுக்குள் இருப்பது ஒரு விசித்திர மீன், அவ்வளவுதான். எந்தக் காலத்தது, யாருக்கு மூதாதை, எதனுடன் வாழ்ந்தது என்று ஒன்றும் சொல்ல முடியாது. சந்தையில் முதலில் தொலைவதும் இந்தச் சீட்டுதான். தரகர் தன் சரக்கு வரும் இடத்தைப் போட்டியாளருக்குச் சொல்லமாட்டார். கடத்தல்காரர் யாருக்குமே சொல்லமாட்டார்.

அராரிப்பேயில் நடப்பது இதுதான். பிரேசிலில் 1942லேயே சட்டம் வந்துவிட்டது. நாட்டின் புதைபடிவங்கள் அனைத்தும் அரசுச் சொத்து, அனுமதியில்லாமல் தோண்டக்கூடாது. சட்டம் தலைநகரில் இருந்தது. கல் வயலில் இருந்தது. மீன் கல் மட்டுமல்ல, அதே வட்டாரத்தில் நம்மூர்க் கடப்பா கல் போல் தரைக்குப் பாவும் பலகைக் கல்லை வெட்டியெடுக்கும் குவாரிகள் நிறைய. நோவா ஒலிண்டா, சந்தானா தோ கரிரி ஊர்களில் அதுதான் பிழைப்பு. பலகையைப் பிளக்கும்போது மீன், தும்பி, சில சமயம் பறக்கும் ஊர்வன என்று வந்து விழும். கூலித் தொழிலாளிக்கு அது அன்றைய சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் கொஞ்சம் காசு. அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கிடைத்த காசையும் கண்காட்சி மேசையில் ஒட்டியிருந்த விலைச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் இருப்பவர்கள் யார் என்பது புரியும்.

சரக்குக்கு விலை ஏற்ற ஒப்பனையும் நடக்கும். பாதி மீனுக்கு இன்னொரு மீனின் வால். உடைந்த தலைக்குப் பசையும் கல்தூளும். இல்லாத செதிலுக்குத் தூரிகை. பிரேசிலிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் போன ஒரு மண்டையோடு பிரசித்தமானது. அது மீன் அல்ல, மீன் தின்னும் டைனோசர். டிங்கரிங் பட்டறையில் நசுங்கலை மறைக்கப் பூசுவார்களே, அந்தப் பட்டியைப் பூசி முகத்தை நீட்டிவைத்திருந்தார்கள். அதைச் சுரண்டி எடுத்த விஞ்ஞானிகளுக்கு வந்த எரிச்சலே பெயராகிவிட்டது. 1996ல் அவர்கள் சூட்டிய பெயர் இரிட்டேட்டர். எந்த இடத்தில் தோண்டியது என்ற விவரம்? தரகர் வழியாக வந்ததில் அது ஏது?

வாங்குகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் யோசனை எளிது. கல்லைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்; வண்ணம் பூசிய இடம் வேறு மாதிரி மினுங்கும். மீனைச் சுற்றிக் கல்லின் இழை திடீரென்று மாறினால் அங்கே பொருத்தியிருக்கிறார்கள். பூதக் கண்ணாடியில் எலும்பு எலும்பாகத் தெரியவேண்டும். குமிழி தெரிந்தால் பசை. மிக அழகாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் சந்தேகப்படு.

ஆனால் அராரிப்பே மீனின் உண்மையான மதிப்பு அழகில் இல்லை. செத்த மீன் அடியில் சேற்றில் விழுந்ததும், அழுகல் தொடங்கும் முன்பே தாது உப்புகள் அதைப் பற்றிக்கொண்டன. தசை நார்கூட அப்படியே கல்லாகியிருக்கிறது. சில மணி நேரத்துக்குள் இது நடந்திருக்கவேண்டும் என்று கணக்கிட்டவர் டேவிட் மார்ட்டில் என்ற ஆங்கில ஆய்வாளர். பார்த்தவரைக் கல்லாக்கும் கிரேக்கப் புராண மெடூசாவின் பெயரை இதற்கு வைத்தார். ஆய்வுக்கூடத்தில் இத்தகைய கல்லை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஊறவைப்பார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். சுண்ணாம்பு மெல்லக் கரைய, எலும்புகள் அப்படியே எழுந்து நிற்கும்.

2016ல் பிரேசில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு படி போனார்கள். ராகோலெப்பிஸ் என்ற மீனை எடுத்துக்கொண்டார்கள். அராரிப்பேயில் மலிந்து கிடக்கும் இனம். சந்தையில் மதிப்பு குறைவு. கல்லை உடைக்காமல், பிரான்சின் கிரனோபிளில் உள்ள சக்திவாய்ந்த எக்ஸ்ரே கருவியில் வைத்து உள்ளே பார்த்தார்கள். மார்பருகே இதயம் இருந்தது. கல்லாகிப்போன இதயம், வால்வுகளோடு. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாயிலில் ஐந்து வரிசை வால்வுகளை எண்ண முடிந்தது. இன்றைய எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வரிசைதான். முதுகெலும்புள்ள பிராணிகளின் இதயம் எப்படி எளிமையானது என்ற கேள்விக்குக் கல்லிலிருந்து கிடைத்த முதல் சாட்சி இது. சில்லறைக்குக் கை மாறி எங்கெங்கோ வரவேற்பறைகளில் பிளந்து கிடக்கும் ராகோலெப்பிஸ்களில் எத்தனை இதயங்கள் உளிக்கு இரையாகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 2013ல் பிரான்சின் லா ஹாவ்ர் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் பிடித்த 998 பிரேசில் புதைபடிவங்களைத் திருப்பித் தருவதாக 2022ல் பிரான்ஸ் அறிவித்தது. அராரிப்பேயிலிருந்து ஜெர்மனிக்குப் போன உபிரஜாரா என்ற சிறு டைனோசர், பிரேசில் விஞ்ஞானிகள் விடாமல் குரல் கொடுத்ததால் 2023 ஜூனில் நாடு திரும்பியது. கல் கிடைக்கும் ஊரான சந்தானா தோ கரிரியிலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. லெபனான் வேறு வழி கண்டது. ஹ்ஜூலா குவாரியில் கிடைத்த ஒரு பறக்கும் ஊர்வனத்தைப் புரவலர் ஒருவர் விலை கொடுத்து வாங்கி பெய்ரூட்டில் உள்ள மிம் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். 2019ல் அது அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. வயோமிங்கின் வழியும் யோசிக்கத் தக்கது. அங்கே அரசு நிலத்தில் உரிமம் பெற்றுத் தோண்டுபவர் சாதாரண மீன்களை விற்றுக்கொள்ளலாம். பறவை, பாலூட்டி போன்ற அரியவை வந்தால் அரசுக்கு. ஆயிரக்கணக்கில் கிடைப்பதை விற்கவிட்டால்தான் ஒன்றே ஒன்று கிடைக்கும்போது அதை ஒளிக்கமாட்டார்கள் என்பது கணக்கு.

இந்தியாவுக்கு இதில் என்ன? நமக்கும் பழைய கடல்கள் உண்டு. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் இன்று மணல். ஜுராசிக் காலத்தில் கடல். அங்கே கிடைத்த பற்களிலிருந்து ஸ்ட்ரோஃபோடஸ் ஜெய்சல்மெரென்சிஸ் என்ற புதிய சுறா இனத்தை 2021ல் இந்திய விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். பற்கள் மட்டும்தானா என்றால், சுறாவின் உடல் குருத்தெலும்பு. அது மக்கிவிடும், பல் மட்டும் தங்கும். பலகைக் கல்லில் சித்திரம் போல நம்மிடம் அதிகம் கிடைக்காததால் உலகச் சந்தையின் கண் நம் மீன்கள் மேல் அவ்வளவாக விழவில்லை. சில சமயம் அழகில்லாததும் ஒரு பாதுகாப்பு.

ஆனால் சேகரிப்பாளரின் கண் ஒருமுறை இங்கேயும் விழுந்தது. 1840களில் மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் புதுச்சேரியை ஒட்டிய கிராமங்களின் சுண்ணாம்புப் பாறைகளில் சங்கும் சிப்பியும் பொறுக்கினார்கள். கூடவே மீன் பற்கள். அவற்றை லண்டனில் உள்ள புவியியல் சங்கத்துக்குக் கொண்டுபோனபோது, பற்களை ஆராய அமர்ந்தவர் சர் பிலிப் எகர்ட்டன். அவர் தொழில்முறை விஞ்ஞானி இல்லை; நாடாளுமன்ற உறுப்பினர், ஜமீன்தார், மீன் கல் பித்தர். அவரும் ஐரிஷ் பிரபுவான எனிஸ்கிலனும் கல்லூரிக் காலம் முதல் தோழர்கள். ஊர் ஊராகச் சேர்ந்து சுற்றி மீன் வாங்குவார்கள். கல் இரண்டாகப் பிளந்தால் ஆளுக்குப் பாதி. ஒரே மீனின் ஒரு முகம் இவர் வீட்டில், மறுமுகம் அவர் வீட்டில். 1880களில் இரண்டு தொகுப்புகளையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிய பிறகுதான் பாதிகள் ஒரே கூரையின் கீழ் வந்தன.

அந்த எகர்ட்டன்தான் 1845ல் புதுச்சேரிப் பற்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பெரும்பாலும் சுறாக்கள். இந்த வகைகள் ஐரோப்பாவில் எந்தப் பாறையில் வருகின்றன என்று ஒப்பிட்டு, தென்னிந்தியப் பாறையின் காலத்தைக் கணிக்க அது உதவியது. பற்கள் ஊரைவிட்டுப் போனது நஷ்டம்தான். ஆனால் கே-யும் கன்லிஃபும் இடத்தைக் குறித்துவைத்திருந்தார்கள்.

அதே கிரெட்டேஷியஸ் கடலின் தொடர்ச்சி அரியலூர், பெரம்பலூர் பக்கம் இன்னும் விரிவாகக் கிடக்கிறது. காரை கிராமத்துக் களிமண் பொட்டலில் எடுத்த மண்ணைச் சலித்து, அதில் கிடைத்த சின்னஞ்சிறு பற்களிலிருந்து பல சுறா இனங்களை 2011ல் ஒரு கட்டுரை பட்டியலிட்டது. சில பற்களைப் பார்க்கவே பூதக் கண்ணாடி வேண்டும். சுற்றிலும் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் சுரங்கங்கள். அங்கே வெடி வைத்துப் பெயர்த்த கல்லில் என்ன இருந்தது என்பதை அரவை ஆலைதான் அறியும். ஓய்வு நாளில் காரைக்குப் போய் நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட்டையும் சிப்பியையும் பையில் போட்டு வருபவர்கள் பலர். ஆர்வம் நல்லதே, எங்கே எடுத்தது என்று எழுதிவைப்பவர் எத்தனை பேர்?

சட்டம்? கலாசாரப் பொருள்களின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோவின் 1970ம் ஆண்டு உடன்படிக்கையில் தொல்லுயிர்ப் பொருள்களும் அடங்கும். அதை இந்தியா 1977ல் ஏற்றது. உள்நாட்டில் புதைபடிவங்களுக்கென்று தனிச் சட்டம் இல்லாத குறையைப் போக்க, மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. சுரங்கத் துறையைக் கவனிப்பதும் அதே அமைச்சகம்தான்.

அரியலூர் அருகே வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. காரையில் எதையாவது பொறுக்குகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வரலாம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் காரைப் பொட்டல் கொஞ்சம் கரைகிறது. புதிதாகச் சில பற்கள் மேலே வருகின்றன.